மச்சான் கண்ணில் வைத்த மருந்து

கண் ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள், வலிக்குமா, எவ்வளவு காலம் வேலைக்குப் போக முடியாது என்று எங்கள் லயத்தில் ஆள் மாற்றி ஆள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். மச்சானிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "ஒண்ணுமே தெரியலய்யா, தூங்கி எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு" என்பான். அவனுக்கு அப்படித்தான் இருந்தது. எனக்கு அப்படி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மச்சான் என்றால் தங்கராஜ். என் மனைவி சரோஜாவின் அண்ணன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாகக் கட்டிய ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறோம். நான் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். மலையில் பெண்கள் பறிக்கிற கொழுந்தை நிறுத்து மூட்டையாக்கியதும் நான் ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் இறக்குவேன். அங்கே மேல்மாடியில் அதைப் பரப்பி வாட்டுகிற வேலை மச்சானுக்கு. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் தானாக வந்து சேரும். லயத்துக்குப் பொதுக்குழாய் போட்டபோது அவன் வாசலுக்கு நேராகத்தான் போட்டார்கள். இரண்டு வீட்டுக் கோழிக்கும் ஒரே தீனி, ஆனால் அவன் கோழிதான் முட்டையிடும். இதையெல்லாம் நான் சும்மா சொல்லவில்லை. பின்னால் வருவதற்குத் தேவைப்படும்.

எனக்குக் கண் கெட்டது எனக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பனிமூட்டம். வளைவில் ரோடு மங்கினால் பனி என்று நினைத்துக்கொள்வேன். லொறியின் முன்கண்ணாடியைத் துடைப்பேன். உள்ளே துடைப்பேன், இறங்கி வெளியேயும் துடைப்பேன். எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு பூவாணம் மாதிரி வெடிக்கும். அந்த வருஷம் பனி அதிகம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நல்ல வெயிலில் தொழிற்சாலை வாசலில் லொறியைப் பின்னால் எடுத்தபோது தூணில் இடித்துவிட்டேன். மேலேயிருந்து மச்சான் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"என்ன மச்சான், தூணையும் ஏத்திக்கிட்டுப் போகப் போறியா?"

தோட்டத்தை நடத்துகிற தொரை கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கண்ணை முதல்ல காட்டு. ஓட்டலாம்னு டாக்டர் சொன்னா லொறி உனக்குத்தான். இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்க்கணும்" என்றார். மறுநாளே தோட்டத்தின் மற்ற டிவிஷனிலிருந்து ஒரு டிரைவரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். வந்த அன்றைக்கே அவன் சீட்டுக்குப் புது உறை போட்டான், கண்ணாடி முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினான். தற்காலிகமாக வந்தவன் எதற்கு உறை போடுகிறான்?

எனக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. லொறி திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா, அது ஒன்றுதான் இந்தக் கதை முழுக்க என் தலைக்குள் ஓடியது.

டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் கண்புரை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்ணுக்குள்ளே ஒரு வில்லை இருக்கிறதாம். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டியது, வயதாக ஆக வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துப்போகிறது. அதுதான் கண்புரை. எவ்வளவு துடைத்தாலும் போகாது. பழையதை எடுத்துவிட்டுப் புது வில்லை வைக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு கண்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு விடியுமுன்னே பஸ் ஏற வேண்டும். தனியாகப் போக வேண்டாம் என்று சரோஜா தன் அண்ணனைத் துணைக்கு அனுப்பினாள். நன்றாகக் கவனியுங்கள். துணைக்கு வந்தவன். என் பையைப் பிடிக்க வந்தவன்.

ஆஸ்பத்திரி என்றால் பெஞ்சுதான். நம்பர் வாங்க ஒரு பெஞ்சு, எழுத்துப் படிக்க ஒரு பெஞ்சு, கண்மணியை விரியவைக்கிற சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருக்க ஒரு பெஞ்சு. அந்தச் சொட்டு விட்ட பிறகு பகல் வெளிச்சம் ஊசி மாதிரிக் குத்தும். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்க ஒரு மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னார்கள். மச்சானுக்குப் பொழுது போகவில்லை. சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைத் தானும் படித்துப் பார்த்தான். பாதிக்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ் அதைப் பார்த்துவிட்டார். அப்படியே அவனையும் உட்காரவைத்து, சொட்டு விட்டு, உள்ளே அனுப்பினார். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தான்.

"மச்சான், எனக்கும் இருக்காம். ரெண்டு கண்ணுலயும்."

எனக்கு என்ன வந்தாலும் அவனுக்கும் வர வேண்டும்.

டாக்டர் ஒரு சிங்கள அம்மா. மெதுவாகப் பேசுவார். மிஸ் லிந்துலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, டாக்டர் சொல்வதை நமக்குத் தமிழில் சொல்வார். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்ன விஷயம் இது.

ஆபரேஷன் முடிந்த கண்ணில் உள்ளே வீக்கம் வரும். அதை அடக்க வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். முதலில் ஒரு நாளைக்கு நான்கு தடவை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுகிறது. அதனால் புதிதாக ஒன்று செய்து பார்க்கிறார்கள். அரிசிக் குருணையை விடச் சின்ன ஒரு பொருள். மருந்து அதற்குள்ளே இருக்கிறது. ஆபரேஷன் முடிகிற நேரத்தில் அதைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். மருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கடைசியில் குருணையும் கரைந்து காணாமல் போய்விடும். எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. சிலருக்குக் கண் அழுத்தம் கூடலாம், அதனால் அடிக்கடி வந்து காட்ட வேண்டும். சேர விருப்பம் இருந்தால் சேரலாம், இல்லையென்றால் வழக்கமான வைத்தியம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குக் குருணை, பாதிப் பேருக்குச் சொட்டு.

"யாருக்கு எதுன்னு யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"டாக்டரும் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன் ஐயா. கம்ப்யூட்டர் எடுக்கும். லயத்துல சீட்டுக் குலுக்குவாங்கல்ல, அந்த மாதிரி நெனைச்சுக்கங்க" என்றார் மிஸ்.

அப்படிச் சொன்னால் எங்களுக்கு உடனே விளங்கும். எங்கள் லயத்தில் சீட்டு இல்லாத வீடு இல்லை. துண்டுக் கடதாசியில் பேர் எழுதி டின்னில் போட்டுக் குலுக்கி, யாருக்கு முதல் மாதம், யாருக்குக் கடைசி மாதம் என்று எடுப்பார்கள். இரண்டு பேரும் சரி என்றோம். கையெழுத்துப் போட்டோம்.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். வலிக்காது. கண்ணை மரத்துப்போகச் செய்துவிடுவார்கள். முகத்தில் பச்சைத் துணியைப் போட்டு ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விடுவார்கள். மேலே பெரிய வெளிச்சம். ஒரு மெஷின் ரீங்காரம் போடும். அதுதான் வெளுத்துப்போன வில்லையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறது. கண்ணில் போடுகிற துளை சின்னது என்பதால் புது வில்லையை மடித்து உள்ளே விடுவார்கள், அது உள்ளே போய் விரியும். கிருமி வராமல் இருக்க ஊசியும் அங்கேயே போட்டுவிடுவார்கள். வலி இல்லையென்றாலும் பயம் இருக்கும். என் கால் நடுங்கியது. "பய வென்ன எபா" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், பயப்படாதே என்று. நடுங்குகிற காலுக்குச் சிங்களமும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை.

எனக்குப் பிறகு மச்சானைக் கொண்டுபோனார்கள். முடிந்ததும் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மிஸ் வந்து என் கையில் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே சொட்டு மருந்துப் போத்தல். மச்சான் கையை நீட்டினான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல ஐயா. உங்களுக்கு உள்ளயே வச்சாச்சு."

அவன் என்னைப் பார்த்தான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணாலேயே சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. நான் லொறி ஓட்டுகிறவன். எனக்கல்லவா கண் சீக்கிரம் ஆற வேண்டும்? அவனுக்கு வேலை இலையைப் பரப்புவது. கண்ணை மூடிக்கொண்டும் பரப்பலாம். பை பிடிக்க வந்தவனுக்குக் குருணை, பைக்குச் சொந்தக்காரனுக்குப் போத்தல்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா முதலில் கேட்டது, "அண்ணே, உனக்கு அது கெடச்சிருச்சா?" என்றுதான். கிடைத்தது என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏங்க மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? சீட்டுன்னா அப்புடித்தான். இந்தத் தடவ அண்ணனுக்கு விழுந்துச்சு. அடுத்த கண்ணுக்கு ஒங்களுக்கு விழும்."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. சீட்டில் முதலில் வாங்கியவனுக்கு மறுபடி வராது. கடைசியில் இருப்பவனுக்கும் ஒரு முறை வந்தே தீரும். யாரும் விடுபட மாட்டார்கள். அதுதான் சீட்டு. மச்சானும் ஒத்துக்கொண்டான். "ஒரு கண்ணு எனக்கு, ஒரு கண்ணு ஒனக்கு" என்றான், தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

காலையிலும் மாலையிலும் இரவிலும் சரோஜா சொட்டு விடுவாள். பகலில் அவள் மலையில் இருப்பாள். பகல் சொட்டை நானே விட்டுக்கொண்டேன். விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். போத்தல் கிட்டே வரும்போது இமை தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு மூக்கில், ஒரு சொட்டு காதில். மூன்றாவதும் கன்னத்தில் ஓடினால் போதும் என்று விட்டுவிடுவேன். மச்சான் குழாயடியில் நின்றுகொண்டு பார்ப்பான்.

"மச்சான், கண்ணு மேல இருக்கு. கீழ இருக்கிறது வாயி."

"வந்து விடேன்."

"நானா? எனக்கு அந்த வேலையெல்லாம் பழக்கமில்லய்யா. எனக்குத்தான் உள்ளயே இருக்கே."

அவனிடம் இன்னொரு தரம் கேட்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்கவும் வெட்கம். பாதி நாள் பகல் சொட்டே விடவில்லை. விட்டாயா என்று சரோஜா கேட்டால் விட்டேன் என்பேன்.

காட்டப் போன நாளில் மச்சானை ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். சுத்தமாக இருக்கிறது, அழுத்தம் சரி, வேலைக்குப் போகலாம். என் கண் சிவந்திருந்தது, வெளிச்சம் கூசியது. டாக்டர் மெஷின் வழியாக நீண்ட நேரம் பார்த்தார். உள்ளே வீக்கம் அடங்கவில்லை, மருந்து போகவில்லை என்றார். இப்படியே விட்டால் பார்வை மங்கும், ஓட்டுவதைப் பற்றி இப்போது பேசவே முடியாது, சொட்டை மறுபடி முதலிலிருந்து விட வேண்டும். மெதுவாகப் பேசுகிற அந்த அம்மா அன்றைக்கு மெதுவாகப் பேசவில்லை.

எனக்கும் கோபம் வந்தது. "எனக்கும் அதையே வச்சிருந்தா இந்த வீக்கம் வந்திருக்குமா?" என்று கேட்டேன்.

மிஸ் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார். "அதத்தான் ஐயா நாங்களும் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். ரெண்டு பக்கமும் என்ன நடக்குதுன்னு பார்த்தாத்தான் தெரியும். ஒங்க கண்ணுல வந்ததையும் எழுதிக்கிறோம்."

"அப்ப நான் தராசுல வைக்கிற படிக்கல்லு. இவன்தான் கொழுந்து."

"கல்லு இல்லாம நிறுக்க முடியுமா ஐயா?"

"நிறுத்து முடிஞ்சதும் கொழுந்தத்தான் கொண்டுபோவாங்க மிஸ். கல்லு அங்கயேதான் கெடக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கையைக் கழுவச் சொல்லி, கீழ் இமையைக் குழிமாதிரி இழுத்துப் பிடித்து அதில் சொட்டு விடக் காட்டிக் கொடுத்தார். போத்தலைப் பார்க்கக் கூடாதாம், கூரையைப் பார்க்க வேண்டுமாம். விட்ட பிறகு கண்ணை மெதுவாக மூடி மூக்கு ஓரத்தை விரலால் அமுக்க வேண்டும். "ஆனா கொஞ்ச நாளைக்கு வேற ஆள்தான் விடணும். பகல்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அப்ப ஆள் இருக்கிற இடத்துக்கு நீங்க போங்க" என்றார்.

அப்படித்தான் நான் பகல் நிறுவைக்கு மலைக்குப் போக ஆரம்பித்தேன். பகலில் பெண்கள் பறித்த கொழுந்தை ரோட்டோரம் கொண்டுவந்து நிறுப்பார்கள். சரோஜா கூடையை இறக்கிவைத்துவிட்டு, கொழுந்துக் கறை போகச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவாள். தண்ணீர் நான் போத்தலில் கொண்டுபோவேன். பிறகு கல்லில் உட்காருவாள். நான் அவள் மடியில் தலை வைத்து வானத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை பெண்களும் சுற்றி நிற்பார்கள்.

"என்ன மாமா, பால் குடிக்க வந்தீங்களா?"

"சரோஜாக்கா, தாலாட்டுப் பாடி விடுக்கா. அழப் போறாரு."

"கங்காணி, மாமா தலையையும் தராசுல போடுங்க. சரோஜாக்கா பேருல சேரட்டும்."

கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்த கங்காணி என்னைப் பார்த்துச் சொன்னார், "காஞ்ச தலை. ஒண்ணும் தேறாது."

சரோஜாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள், ஆனால் கை அசையாது. ஒரு சொட்டு, சரியாகக் கண்ணுக்குள். கறையும் சவர்க்காரமும் கலந்த வாசம் அவள் கையில் இருக்கும். மழை பெய்தால் இடுப்பில் கட்டுகிற இறப்பர் விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு விடுவாள். ஒரு நாளும் தவறவில்லை. இதை நான் எழுதாவிட்டால் எனக்கு நன்றி இல்லை என்று அர்த்தம்.

ஆனால் அதே நேரத்துக்குத்தான் லொறி வரும். என் லொறி. மடியில் படுத்தபடியே சத்தத்தைக் கேட்பேன். அந்த ஏற்றத்தில் இரண்டாவது கியரைப் போட வேண்டிய இடத்தில் போடாமல் அவன் இழுத்து இழுத்துக் கொண்டுவருவான். எனக்குப் பல் கூசும். எழுந்திருக்கப் போனால் சரோஜா நெற்றியைப் பிடித்து அமுக்குவாள்.

"ஆடாம இருங்க. லொறி எங்கயும் போயிறாது."

வீக்கம் அடங்கியது. அடுத்த தடவை காட்டியபோது டாக்டரே சிரித்தார். அந்தக் கண்ணால் எதிர்மலையில் பறிக்கிறவர்களின் தலைத்துணி நிறம்கூடத் தெரிந்தது. மச்சான் கண்ணையும் பார்த்தார்கள். குருணை முழுக்கக் கரைந்துவிட்டதாம், இருந்த தடமே இல்லையாம். அவன் கண்ணில் கரைந்துவிட்டது. என் வயிற்றில் கரையவில்லை.

ஓட்டலாமா என்று கேட்டேன். மற்றக் கண்ணையும் செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் மலை ரோட்டில் லொறி என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். மற்றக் கண் என்றால் என் முறை. இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தபோது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். மச்சான் துணைக்கு வந்தான். அவனுக்கு நாள் பின்னால்.

"மிஸ், இந்தத் தடவ எனக்குத்தானே வைப்பீங்க?"

"எத ஐயா?"

"குருணைய. போன தடவ இவருக்கு விழுந்துச்சு. இப்ப என் முறை."

மிஸ்ஸுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் முகம் மாறியது. "முறை கெடையாது ஐயா. ஆளுக்கு ஒரு தடவதான் எடுக்கிறது. ஒரு கண்ணுக்கு மட்டுந்தான். மத்தக் கண்ணு சோதனையில சேராது. சாதாரணமாச் சொட்டுத்தான்."

"சீட்டு மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குலுக்கி எடுக்கிறதுக்குச் சொன்னேன் ஐயா."

"சீட்டுன்னா எல்லாருக்கும் வரணும். வராட்டி அது சீட்டு இல்ல, கடையில விக்கிற லொத்தர் டிக்கட்!"

பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை காலம் மடியில் படுத்துக் கேலியைக் கேட்டது, அடுத்தது என் முறை என்ற ஒரே நினைப்பில். மிஸ் திரும்பிக் கத்தவில்லை. "நான் வேற மாதிரிச் சொல்லியிருக்கணும் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பின்னால் மச்சான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தினான்.

"மிஸ், அப்ப என்னோட மத்தக் கண்ணுக்கு?"

"உங்களுக்கும் சொட்டுத்தான் ஐயா."

அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆபரேஷன் மேசையில் அன்றைக்கு என் கால் நடுங்கவில்லை.

இந்தத் தடவை சொட்டு ஒன்றுகூட வீணாகவில்லை. கூரையைப் பார்த்து நானே விடக் கற்றுக்கொண்டேன். கண் ஆறியது. ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார், தொரை சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். தற்காலிக டிரைவர் தன் சீட்டு உறையைக் கழற்றிக்கொண்டு போனான். எலுமிச்சம்பழத்தை நான் கழற்றினேன்.

திரும்ப ஓட்டிய முதல் நாள், பகல் நிறுவைக்கு ஏறினேன். நல்ல பனி. இது உண்மையான பனி, துடைத்தால் போனது. வளைவு திரும்பியதும் ரோட்டோரக் கல்லில் சரோஜா. அவள் மடியில் ஒரு தலை. மச்சான். தொழிற்சாலையிலிருந்து மேலே ஏறி வந்திருக்கிறான், ஆபரேஷன் முடிந்த மற்றக் கண்ணுக்குத் தங்கச்சி கையால் சொட்டு விட்டுக்கொள்ள. சுற்றிலும் பெண்கள். நான் படுத்த அதே கல், அதே மடி.

ஹோர்னை ஒரு அமுக்கு அமுக்கினேன். மச்சான் துள்ளி எழுந்தான். மருந்து அவன் காதுக்குள் போனது.

"அறிவிருக்காங்க ஒங்களுக்கு?" என்று சரோஜா கத்தினாள். "கண்ணு மருந்து, வெளயாட்டா?"

லொறியை நிறுத்தி இறங்கினேன். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன். அவள் கையிலிருந்து போத்தலை வாங்கினேன். மச்சான் பயந்துபோய்ப் பார்த்தான்.

"என்ன மச்சான் செய்யப் போற?"

"வாய மூடு. வானத்தப் பாரு."

கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன். ஒரு சொட்டு. நேராக உள்ளே விழுந்தது. கண்ணை மூடச் சொல்லி மூக்கு ஓரத்தை அமுக்கிப் பிடித்தேன். அவன் மூடிய கண்ணோடு சொன்னான்.

"தங்கச்சிய விட நல்லா விடுறியே மச்சான்."

"எனக்குப் பழக்கம். ஒனக்குத்தான் உள்ளயே வச்சிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன்.